வெங்காயத் தாளும் வடித்த கஞ்சியும்

வெங்காயத் தாளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எதுவும் நிற்காது. மழை ஓய்ந்த காலையில் மற்ற செடிகளெல்லாம் நனைந்து தொங்கிக்கொண்டிருக்கும். வெங்காயம் மட்டும் தனக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். மேலே மெழுகு பூசினாற்போல ஒரு வழவழப்பு. அதன்மேல் மருந்தடித்தால் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும். தாளின் இடுக்கில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் இலைப்பேனுக்கு ஒன்றும் ஆகாது, மண்தான் மருந்து குடிக்கும்.

நான் மதுரைக்குப் பக்கத்துப் பரவைக்காரி. எங்கள் வீட்டில் கத்தரியும் வெண்டையும்தான் போடுவார்கள். அந்த இலைகளில் சுணை உண்டு, பட்ட மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுபதுகளின் கடைசியில் எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் வெங்காயத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் சமையலில் எனக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை, குறை சொல்லவும் ஆளில்லை. மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்லும் பொறுப்பை மாமனார் எடுத்துக்கொண்டார்.

மருந்து தாளில் ஒட்டுவதற்கு என்னவெல்லாமோ செய்து பார்த்தோம். விவசாய டிப்போவில் ஒட்டுப்பசை என்று ஒரு பாட்டில் விற்றார்கள். போகும்போதெல்லாம் இல்லை என்பார்கள், இருக்கும்போது நமக்குத் தேவைப்படாது. துணி துவைக்கும் பார் சோப்பைச் சீவிப் போடச் சொன்னார் கிராம சேவக். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பால் திரிவதுபோலத் திரிந்துவிடும். திரிந்தது ஸ்ப்ரேயரின் மூக்கில் போய் அடைத்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்ததுதான் மிச்சம். வெல்லம் கரைத்து ஊற்றினோம். நன்றாகத்தான் ஒட்டியது. மறுநாள் எழுமலைச் சுற்றுவட்டாரத்து எறும்பெல்லாம் எங்கள் பாத்தியில் இருந்தது. சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் போல மைதா காய்ச்சிப் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கடைசியில் கைகொடுத்தது வடித்த கஞ்சி. புதிதாக வடித்த கஞ்சியைப் பழைய வேட்டியில் இரண்டு தரம் வடிகட்டி, மருந்து கரைத்த டேங்கில் ஒரு செம்பு ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு ஒரு தாளைக் கிள்ளி அதில் முக்கித் தூக்கிப் பார்ப்போம். தண்ணீர் முத்தாக நின்றால் இன்னும் கொஞ்சம் கஞ்சி. தாள் முழுவதும் பாலாடை மாதிரிப் படர்ந்தால் சரி. எங்கள் ஒரு வீட்டுக் கஞ்சி காணாது என்பதால், மருந்தடிக்கிற அன்று காலையில் தெருவில் சொல்லி வைத்துவிடுவேன். வழக்கமாக மாட்டுத் தொட்டிக்குப் போகும் கஞ்சியைச் சட்டியிலும் வாளியிலும் எடுத்து வைத்திருப்பார்கள். நான் போய் வாங்கிவந்து, அந்தந்தப் பாத்திரத்தோடு வரப்பில் வரிசையாக வைப்பேன். பார்த்தால் ஏதோ விசேஷ வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் எதையும் சும்மா தரமாட்டார்கள், கஞ்சியை மட்டும் கணக்குப் பார்க்காமல் தந்தார்கள்.

எங்கள் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் ஊரிலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். திருநெல்வேலிக்கும் தெற்கே சொந்த ஊர். சார் வாயில்லாப் பூச்சி. டீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தார், ஆறு மாதம் முடிந்திருந்தது. முன்பு ஒருமுறை தங்காமல் போனதால், வண்டி குலுங்கலும் அதிக நடையும் கூடாதென்று மதுரையில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். அந்த வீடு கிடைத்ததே பெரிய காரியம். ஊரில் வேறு யாரும் அவர்களுக்கு வீடு தரமாட்டார்கள். என்ன ஆட்கள் என்று முதலில் கேட்பார்கள், பதில் வந்ததும் வீடு காலியில்லை என்பார்கள். மாமனார் தந்ததற்குக் காரணம் தாராள மனசு இல்லை. வாத்தியார் என்றால் வாடகை ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கைதான்.

ஒரே வாசல், ஒரே கிணறு, நடுவில் ஒற்றைச் சுவர். மூன்று வருஷமாக நல்ல பழக்கம். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும், அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் வரும். மாமனார் அதைத் தொடமாட்டார். நான் அடுப்படியில் நின்றபடியே பாதியைத் தின்றுவிடுவேன். ஆனால் பலகாரத்தோடு சரி. சோறு என்று வந்தால், நேரம் பார்த்து டீச்சர் சாப்பிடக் கூப்பிடுவார், "இப்பத்தான் சாப்பிட்டேன் டீச்சர்" என்பேன். வெறும் வயிற்றோடு நின்றபடியும் சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லச் சொல்லித் தரவில்லை. எங்கள் வீடுகளில் அது தானாக வாயில் வரும்.

அந்த வருஷம் விதை வெங்காயத்தை வாசலில் உலர்த்தியிருந்தபோது டீச்சரின் கோழி அதைக் கிளறிவிட்டது. மாமனார் ஒரு கல்லை எடுத்து வீசினார். கால் ஒடிந்துவிட்டது. குறி வைத்து எறியவில்லை என்று அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், அவருக்கு அந்த அளவுக்குக் குறி தெரியாது. டீச்சர் கோழியின் காலுக்குக் குச்சி வைத்துத் துணி சுற்றினார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் கிணற்றடியில் என்னைப் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வெங்காயம் நட்டு, முளைத்து, தாள் விடும் வரைக்கும் அந்த ஊமைக் கோபம் நீடித்தது. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. பேச்சுத் துணைக்கு அந்த வாசலில் எனக்கு வேறு யாரும் கிடையாது.

பேன் விழுந்தது. மருந்தடிக்க நாள் குறித்தோம். அன்று காலை நான் தெருவில் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பும்போது டீச்சர் தன் கதவருகே நின்று என்னைக் கூப்பிட்டார். முந்தின இரவு அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், பெரிய அண்டாவில் சோறு பொங்கியிருந்தார்கள். அந்தக் கஞ்சியை வீணாக்காமல், மறுபடி அடுப்பில் ஏற்றிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து, ஒரு குத்துப்போணி நிறைய எனக்காக வைத்திருந்தார். கெட்டியாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்று என்றோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்பருகே அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். கோபம் தீர்ந்ததென்று சொல்லும் விதம் அது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. போணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன்.

மருந்தடிப்பு பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது கரண்டு போய்விட்டது. மோட்டார் நின்றது. தொட்டியில் இருந்த தண்ணீரும் தீர்ந்துகொண்டு வந்தது. மேற்கோரத்துப் பாத்திகள் மட்டும் பாக்கி. கரைத்த மருந்தை நாளைக்கு வைக்க முடியாது. என் வீட்டுக்காரர் இருந்த தண்ணீரைப் பங்கிட்டு ஊற்றி, டேங்கில் குறைந்ததற்கெல்லாம் டீச்சர் கொடுத்த கஞ்சியைத் தாராளமாக ஊற்றிவிட்டார். தாளை முக்கிப் பார்த்தோம். அவ்வளவு அழகாக எந்தக் கஞ்சியும் அதுவரை ஒட்டியதில்லை. "இனிமே டீச்சர் வீட்டுக் கஞ்சிதான்" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் மேற்கோரத்துப் பாத்திகள் நுனியிலிருந்து வெளுத்தன. ஒரு வாரம் ஆவதற்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. கிழக்கே இருந்த வெங்காயம் பச்சைப்பசேல் என்று நின்றது. கத்தியால் கோடு கிழித்தாற்போல, எந்தப் பாத்தியில் டீச்சரின் கஞ்சி தொடங்கியதோ அந்தப் பாத்தியில் கருகல் தொடங்கியிருந்தது. அதே மருந்து, அதே கிணற்றுத் தண்ணீர். என் வீட்டுக்காரர் உண்மையை மறைக்கத் தெரியாதவர். அப்பா கேட்டதும் எந்தப் பாத்திக்கு எந்தக் கஞ்சி என்று ஒப்பித்துவிட்டார்.

மாமனாருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. கோழிக்காகப் பழிவாங்கிவிட்டாள் என்றார். கஞ்சியில் எதையோ கலந்து கொடுத்து, நம் கையாலேயே நம் வெள்ளாமையைக் கருக்கியிருக்கிறாள் என்றார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த சாரை வாசலிலேயே நிறுத்தி, சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சார் காரணம் கேட்டார். "ஒங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் உள்ளே போய்விட்டார். சாருக்குச் சண்டை போடத் தெரியாது. எழுமலையில்தான் ஒரு வீடு அகப்பட்டது. அங்கிருந்து டீச்சர் தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வர வேண்டும், பஸ் வராத நாளில் நடக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வயிற்றில் இருந்தது என்னாகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் டீச்சரைச் சந்தேகப்படவில்லை. ஆனால் பாத்தி கருகியதற்கு வேறு காரணமும் தெரியவில்லை. மருந்து கூடிப்போயிருக்குமோ என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தூளை எல்லா டேங்குக்கும் ஒரே அளவில்தான் போட்டேன் என்று அடித்துச் சொன்னார். கஞ்சி புளித்திருக்குமோ என்றேன். புளித்த கஞ்சி ஊற்றி முன்பே பார்த்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. எனக்கு மாமனார்மேல் வந்த கோபத்தை அம்மிக்கல்மேல் காட்டினேன். அந்த வாரம் எங்கள் வீட்டுச் சட்னியெல்லாம் வெண்ணெய் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாத்திரம் கட்ட உதவலாமென்று முன்பக்கம் போனேன். டீச்சர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. பாத்தி கருகியதும் அதற்கு மாமனார் சொன்ன காரணமும் தெருவெல்லாம் பரவி அவர் காதுக்கும் போயிருந்தது. ஆனாலும் கஞ்சியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு பேருமாகத் தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்துபோய்த் தட்டு எடுத்து வைத்தார். "சாப்பிடுங்கக்கா. நாளைக்கு இந்நேரம் நான் இங்க இருக்கமாட்டேன்" என்றார். இப்பத்தான் சாப்பிட்டேன் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

குழம்பு வேண்டாம், மோர் போதும் என்றேன். சோற்றில் மோரை ஊற்றினார். வீட்டுப் பழக்கத்தில் என் கை தானாக உப்பு ஜாடிக்குப் போய், இரண்டு கல் எடுத்துப் போட்டுப் பிசைந்தது. ஒரு வாய் வைத்தேன். கடல் தண்ணீரைக் குடித்ததுபோல் கரித்தது. அடக்கமாக விழுங்கிவிட்டு, மோரில் ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். தட்டின் ஓரத்தில் மோர் படாத சோறு கொஞ்சம் இருந்தது. அதை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன்.

"டீச்சர், சோத்துலயா உப்பு போடுவீக?"

"என்னக்கா இப்படிக் கேக்குதீங்க? ஒலையில உப்பு போடாம சோறு பொங்குவாங்களா யாராவது?"

நாங்கள் யாரும் போடுவதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அப்படியென்றால் எங்கள் வீட்டுப் பொங்கலில் மட்டும் உப்பு இருந்ததே என்று தொடங்கி, அது பொங்கல்தானே என்று அவரே நிறுத்திக்கொண்டார். நான் எங்கள் வீட்டு வெறும் சோற்றை அவருக்குக் கொடுத்ததில்லை, அவர் வீட்டு வெறும் சோற்றை நான் வாங்கிச் சாப்பிட்டதில்லை. மூன்று வருஷமாக அந்த ஒற்றைச் சுவருக்கு இரண்டு பக்கமும் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து என்ன என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அண்டா நிறைய உலைக்கு அள்ளிப் போட்ட உப்பு. அந்தக் கஞ்சியைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சியதில் உப்பு ஒன்றுக்கு இரண்டாகியிருக்கும். கரண்டு போன நேரத்தில் அதைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால் வெங்காயம் எப்படித் தாங்கும்? டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லா ஒட்டணும்னுதானக்கா காய்ச்சினேன்" என்றார். அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. அந்தக் கரித்த மோர்ச்சோற்றை நான் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "உப்புதான். சந்தேகமே இல்ல" என்றார். மாமனாரிடம் போய்ச் சொன்னார். மாமனார் சிரித்தார். அரிசியோடு உப்பைப் போட்டு வேக வைக்கிற சனம் உலகத்தில் உண்டா என்றார். அவர் எழுமலைச் சந்தைக்கும் மதுரையில் கீழமாரட் வீதி வெங்காயக் கடைகளுக்கும் போய்வந்தவர், அதற்குத் தெற்கே உலகம் இருப்பதைக் கேள்விப்பட்டதோடு சரி. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்றார். விடிந்தால் வண்டி வந்துவிடும்.

அதுவரை நான் மாமனாருக்கு முன்னால் வந்து நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, சுவரிடம் சொல்வதுபோல் சொல்வதுதான் வழக்கம். அன்று முன்னால் வந்தேன்.

"நாங்க சொல்றத நம்ப வேணாம் மாமா. நீங்களே போயி அவுக சோத்துல ஒரு வாய் தின்னு பாத்துட்டு, அப்புறம் வண்டிய அனுப்புங்க."

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அந்த முன்பக்கத்து வீட்டில் மூன்று வருஷத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வாடகையைக்கூட வாசலில் நின்றுதான் வாங்குவார். நான் சொன்னது அவரிடம் யாரும் சொல்லக் கூடியதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதற்கு வருத்தமில்லை.

சனிக்கிழமை காலையில் மாட்டுவண்டி வந்தது. மாமனார் தோட்டத்துக்குப் போயிருந்தார். சார் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிவந்து ஏற்றினார், என் வீட்டுக்காரர் கயிறு கட்டினார். கால் நொண்டும் கோழியைக் கூடையில் போட்டு மூடினார்கள். போகிற இடத்தில் உடனே அடுப்பு மூட்ட முடியாது என்று டீச்சர் மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் மட்டும் ஆக்கி வைத்திருந்தார். உச்சிவேளைக்குத்தான் மாமனார் திரும்பினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தவர் எங்கள் பக்கம் வரவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முன்பக்கத்துக் கதவுக்குள் குனிந்து நுழைந்தார்.

காலியான அறையில் போய் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஒரு வாய் சோறு வைம்மா" என்றார். டீச்சர் மூட்டை கட்டாமல் மிச்சம் வைத்திருந்த தட்டைத் துடைத்து வைத்து, அதில் சோறு போட்டார். மாமனார் குழம்புக்குக் காத்திருக்கவில்லை. வெறும் சோற்றில் ஒரு கை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் புத்தகக் கட்டோடு வண்டியருகே அப்படியே நின்றுவிட்டார். மாமனார் இன்னொரு கை எடுத்து மென்றார். அவருக்குத் தெரிய வேண்டியது முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் ஒருநாளும் வராது. அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொழம்ப ஊத்து தாயி" என்றார்.

டீச்சர் அகப்பையைத் தேடினார். அது வண்டியில் ஏற்றிய மூட்டைக்குள் இருந்தது. சார் போய்க் கயிற்றை அவிழ்த்து மூட்டையை இறக்கினார்.